மேசையின் வேகம்

கோவிந்தம்மாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் எல்லம்மா. கணவன் திருமலையின் அக்கா. கட்டியவன் விட்டுவிட்டுப் போனதும் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். வந்த மாதமே அரிசிப் பானையும் அடுப்பும் அவள் கைக்குப் போய்விட்டன. கெட்டவள் இல்லை. தெருவில் யாருக்கு ஒன்று என்றாலும் முதலில் ஓடுபவள். அதனாலேயே அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுசொல் கிடையாது.

கும்மிடிப்பூண்டி ரயிலடிக்கு மேற்கே, தண்டவாளம் தாண்டிய பொட்டலில், டியூப்லைட்டுக்குச் சோக் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று எழுந்திருந்தது. தகரக் கூரை, நீளமான ஒரே கூடம், அதில் இரண்டு பெரிய மேசைகள். மேசையைச் சுற்றிப் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் கைப்பிடி வைத்த ஒரு சின்ன மெஷின். வலது கை பிடியைச் சுற்றும். இடது கை, முடி மாதிரி மெல்லிய தாமிரக் கம்பியை விரல் நுனியில் ஓட்டிக்கொடுக்கும். கம்பி ஓர் அடுக்கு படிந்ததும் அதன்மேல் ஒரு துண்டு காகிதம் வெட்டி வைக்க வேண்டும். மறுபடி கம்பி, மறுபடி காகிதம். கடைசியில் கைக்கு அடக்கமாக ஒரு கட்டி. அதற்கு அங்கே காயில் என்று பெயர்.

எழுபத்தொன்றில் கோவிந்தம்மா அங்கே போய் உட்கார்ந்தபோது அவளுக்கு இருபது தாண்டியிருந்தது. பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவள். விவரம் தெரிந்த நாளிலிருந்து இறால் உரித்த கை. வெயில் ஏறுவதற்குள் கூடையைக் காலி செய்தாக வேண்டும். அதில் நிதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காயில் சுற்றுவதும் அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. பக்கத்தில் இருப்பவர்கள் பாதி அடுக்கில் இருக்கும்போதே இவள் முடித்துவிட்டுக் காகிதம் வெட்டக் கத்தரியைத் தேடினாள்.

மேசைக்கு ஒரே கத்தரி. அது அதே மேசையில் வேலை செய்யும் எல்லம்மாவிடமிருந்து கிளம்பும். அவள் வெட்டிவிட்டு அடுத்தவளிடம் தள்ளுவாள். அவள் வெட்டி அதற்கடுத்தவளிடம். இப்படிச் சுற்றிக்கொண்டு கோவிந்தம்மாவிடம் வர நேரமாகும்.

"ஒரே கத்திரிதானாக்கா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான்."

"கம்பெனில ஆளுக்கு ஒண்ணு குடுக்க மாட்டாங்களா?"

"குடுத்தாங்கோ. காணாம பூடுச்சி" என்றாள் எல்லம்மா. மேசையே சிரித்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லம்மா தன் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு குவியல் கத்தரி.

"சூப்பர்வைசர் சாரு கேட்டா எலி தூக்கிக்கினு பூடுச்சின்னு சொல்லு. கத்திரி எப்ப உங்கைக்கு வருதோ அப்ப நீ அடுக்கு முடிச்சிருக்கணும். முன்னாடியே முடிச்சிட்டு கையக் கட்டிக்கினு குந்தினா இன்னா ஆவும்? இவளுக்கு வேல பத்தலன்னு எழுதிடுவான். அப்பறம் எல்லாருக்கும் நாள் கணக்க ஏத்திடுவான்."

"ஏத்தினா சுத்திட்டுப் போறது."

"நீ சுத்துவ. அவங்க?"

எல்லம்மாவின் பார்வை போன இடத்தில் மரகதவல்லி உட்கார்ந்திருந்தாள். திருவள்ளூர்க் கோயில் மடப்பள்ளியில் வேலை பார்த்த குடும்பத்துப் பெண். கவரைப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டுச் சீக்கிரமே தாலி இழந்து, யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று கம்பெனிக்கு வந்துவிட்டவள். எல்லாருக்கும் மாமி. மதியம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துதான் சாப்பிடுவாள். ஆனால் புளியோதரையை இலையில் வைத்து மேசை முழுக்க அனுப்புவாள். அவளுடைய இடது கை ஆள்காட்டி விரல் மூட்டு வீங்கி, மடக்க வராமல் இருந்தது.

மேசையின் வேகம் எல்லம்மாவுடையது அல்ல, மாமியின் அந்த விரலுடையது என்று கோவிந்தம்மாவுக்கு அப்போது புரிந்தது. இதற்கு முன்பு ஒரு முறை யாரோ ஒருத்தி சூப்பர்வைசரிடம் நல்ல பெயர் வாங்க வேகமாகச் சுற்றி, ஒரு நாளைக்கு இத்தனை காயில் என்ற கணக்கு ஏறி, அதை எட்டாத ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அதன் பிறகு வந்ததுதான் இந்த ஒற்றைக் கத்தரி.

ஆகவே கோவிந்தம்மா மெதுவாகச் சுற்றக் கற்றுக்கொண்டாள். அது வேகமாகச் சுற்றக் கற்றுக்கொண்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. கை தானாக ஓடும்; இழுத்துப் பிடிப்பாள். மறுபடி ஓடும். பல்லைக் கடித்துக்கொண்டு பிடியை மெள்ளச் சுற்றுவாள். தோள் வலிக்கும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் வலி நின்றது. கத்தரி வரும்போது அடுக்கு முடிந்திருந்தது. எல்லம்மா அன்று வீட்டில் மீன் குழம்பின் நடுத்துண்டை இவள் தட்டில் வைத்தாள்.

கை அடங்கியது, தலை அடங்கவில்லை.

கூடத்தின் கடைசியில் பச்சை வர்ணக் கதவு ஒன்று உண்டு. சுற்றி முடித்த காயில்கள் எல்லாம் அதற்குள் போகும். உள்ளே மோசஸ் என்ற ஆள் மீட்டரில் வைத்துப் பார்ப்பான். நல்லது அந்தப் பக்கமாக வெளியே போய்விடும். கெட்டது சாக்பீஸ் கோட்டோடு இந்தப் பக்கம் திரும்பி வரும். சுற்றினவளின் கணக்கில் அது குறையும். ஏன் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. பெண்கள் அந்தக் கதவைப் பார்த்தாலே வைதார்கள். மோசஸ் கல்யாணத்துக்கு மொய் எழுதவே கூடாது என்று பேசி வைத்திருந்தார்கள்.

கோவிந்தம்மா போய்க் கேட்டாள். "இது இன்னாத்துக்குக் கெட்டுப்போச்சி?"

"முள்ளு ஏறல."

"ஏன் ஏறல?"

"எம்மா, நான் முள்ளப் பாக்கறவன். முள்ளு இன்னா நெனச்சிக்கினு கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? போய் சோத்தத் துன்னு."

அவள் சோற்றைச் சீக்கிரம் தின்றுவிட்டுக் கழிவுத் தொட்டியிலிருந்து ஒரு கெட்ட காயிலை எடுத்தாள். சுற்றியதைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தாள். அடுக்கு அடுக்காக அவிழ்த்துக்கொண்டே போனாள். நடுவில் ஓர் இடத்தில் காகிதம் ஒரு நூலளவு குட்டையாக வெட்டுப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில் மேல்கம்பி வழுக்கிக் கீழ் அடுக்கில் விழுந்து, உரசி, கறுத்திருந்தது. மறுநாள் இன்னொன்று. அதில் நகம் பட்டுக் கம்பியின் மேல்பூச்சு சுரண்டுபட்டிருந்தது. அடுத்த நாளும் போனாள். பெண்கள் அவளைப் பைத்தியம் என்றார்கள். செத்த பிணத்தை அறுத்துப் பார்க்கிற டாக்டரம்மா என்றார்கள். அவளுக்கு அந்தச் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான் தன் கை தன் இஷ்டத்துக்கு நகரும் நேரம்.

கண்டதை மோசஸிடம் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். பிறகு, அவள் காகித ஓரத்தைப் பார்த்தே கெட்டவை என்று தனியே எடுத்து வைத்த காயில்களை மீட்டரில் வைத்தான். எதற்கும் முள் ஏறவில்லை. அவன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டான்.

"சரி, ஒக்காரு. யாரண்டயும் சொல்லாத. உங்க ஊர்லேந்து வர்றப்ப எறா கருவாடு கொண்டாரியா?"

"நைசா கேக்கறியே மோசஸண்ணே."

"பின்ன? சும்மாவா மீட்டரு?"

அப்படித்தான் அவள் மீட்டர் பார்க்கக் கற்றாள். பாதி அவன் சொல்லி. பாதி அவன் சொன்னது சரியில்லை என்று தொட்டியில் அவிழ்த்துப் பார்த்து. அந்த அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. கத்தரி இல்லை. அங்கே உட்காருகிறவர் தனக்கென்று ஒரு வேகம் வைத்துக்கொள்ளலாம். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்; அந்த நாற்காலி வேண்டும்.

எழுபத்தைந்தின் கடைசியில் வாய்ப்பு வந்தது. எமர்ஜென்சி காலம். குறைவாகப் பேசு, கூடுதலாக உழை என்று ரயிலடிச் சுவரெல்லாம் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் ஆதிநாராயணன் கூடத்துக்கு வந்து, திங்கட்கிழமை மெட்ராஸிலிருந்து ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வருகிறார், ஒவ்வொருவர் வேகத்தையும் எடுப்பார், யார் கை நன்றாக ஓடுகிறதோ அவரை மோசஸின் டெஸ்டிங் ரூமில் இரண்டாவது ஆளாகப் போடப்போகிறோம் என்றார். எடுத்த வேகத்தை வைத்து நாள் கணக்கையும் திருத்துவார்கள் என்பதைப் போகிற போக்கில் சொன்னார்.

எல்லாரும் கோவிந்தம்மாவைப் பார்த்தார்கள். பார்க்காதது போலவும் இருந்தார்கள்.

திங்கள் காலை தண்டவாளத்தோரம் நடக்கும்போது எல்லம்மா கேட்டாள். "ரூமுக்குப் போவணும்னு ஆசையா?"

"ஆசைதான்க்கா."

"அங்க குந்திக்கினு நம்ம காயிலுக்கே கோடு போடுவ. மாமி காயிலுக்கும்."

"கோடு போட்டா ஏன்னும் சொல்லுவேன். மோசஸ் சொல்றதில்ல."

"ஏன்னு தெரிஞ்சா வெரலு மடங்கிடுமா?" எல்லம்மா தூக்குச் சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். "நான் ஒண்ணும் சொல்லல. உன் கை. உன் இஷ்டம்."

அவள் திட்டியிருந்தால் கோவிந்தம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதற்கு முதல் நாள் திருமலையிடம் கேட்டிருந்தாள். அரிசி மில்லில் மூட்டை தூக்கும் அவன், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே, "அக்கா இன்னா சொல்லுது?" என்றான். "உன் இஷ்டம்னுதான் சொல்லும்" என்றாள். "அப்ப அதுக்கு இஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஆனாலும் மெஷின் முன்னால் உட்காரும்போது கோவிந்தம்மா முடிவு செய்துவிட்டாள். ஓட்டப் போகிறாள். மாமிக்கு என்ன ஆகுமோ ஆகட்டும். வீட்டில் எது வேண்டுமானாலும் நடக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் கையை அவிழ்த்துவிடப் போகிறாள்.

ஒற்றைக் கத்தரி விஷயம் வருகிறவர் கண்ணில் படக் கூடாது என்று அன்று எல்லார் முன்னாலும் ஒரு கத்தரி இருந்தது. எலி தூக்கிப் போனவை எல்லாம் திரும்பி வந்திருந்தன. ஸ்டாப்வாட்ச்காரர் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். ஒவ்வொருத்தி பின்னாலும் போய் நின்றார். கோவிந்தம்மாவின் முறை வந்தது. வலது கையை ஓட்டினாள். பிடி வேகமெடுத்தது. இடது விரல் கூட வரவில்லை. கம்பி ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. நிறுத்தி, ஒரு சுற்றுப் பின்னால் எடுத்து, மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை வலது கையே தானாகத் தளர்ந்தது. அவள் உந்தினாள், கை பழைய தாளத்துக்கே போய் உட்கார்ந்தது. முதுகில் வேர்வை ஓடியது. யாரோ மணிக்கட்டைப் பிடித்திருப்பது போல இருந்தது; குனிந்து பார்த்தால் அவள் மணிக்கட்டுதான், அவள் கைதான். அடுக்கு முடிந்தபோது பக்கத்தில் இருந்தவளும் முடித்திருந்தாள்.

"ம். எல்லாரும் ஒரே மாதிரிதான் சுத்தறீங்க" என்றார் அந்த மனிதர், வியப்பா சலிப்பா என்று தெரியாத குரலில். எழுதிக்கொண்டு நகர்ந்தார்.

நாள் கணக்கு ஏறவில்லை. டெஸ்டிங் ரூமுக்குப் பேக்கிங்கிலிருந்து கோபால் என்பவனைப் போட்டார்கள்.

அன்று மாலை மேசை அவளைக் கொண்டாடியது. ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். ஒருத்தி ரயிலடியில் பூ வாங்கித் தலையில் வைத்தாள். எல்லம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போனதும் தம்பியைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ரூமு, நாற்காலி, ஜன்னலு, எல்லாம் கெடைக்க வேண்டியது. அல்லாத்தையும் உட்டுட்டு எங்களுக்காக நின்னா பாரு. உனக்கு இவ கெடச்சது உன் அதிஷ்டம் நைனா."

திருமலை பெருமையோடு மனைவியைப் பார்த்தான். அவன் அப்படிப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. கோவிந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதானால் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். துரோகம் செய்யப் பார்த்தேன் என்பது ஒன்று. அதுகூட வரவில்லை என்பது இன்னொன்று.

விஷயம் தெரிந்தவள் ஒருத்தி இருந்தாள். சில நாள் கழித்துக் கழிவுத் தொட்டியருகே மாமி வந்து நின்றாள்.

"நீ ஓட்டப் பாத்தே, இல்லையா? ஒன் மெஷின் சத்தம் ரெண்டு தரம் மாறித்து. நேக்குக் கேட்டுது."

கோவிந்தம்மா கையிலிருந்த காயிலைத் தொட்டியில் போட்டாள்.

"பயப்படாதே. நான் யார்கிட்ட சொல்லப் போறேன்? எனக்காக நீ விட்டுக்கொடுத்தேன்னு எல்லாரும் சொல்றா. நானும் தலைய ஆட்டிண்டிருக்கேன். வேற என்ன பண்ணச் சொல்றே?" வீங்கிய விரலை இன்னொரு கையால் நீவிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. அந்தக் கை ஒன்னோடது. அத இப்படியே விட்றாதே."

மாமி தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். அது உதவியா, மன்னிப்பா என்று கோவிந்தம்மா யோசித்துப் பார்த்தாள்; விளங்கவில்லை. ஆனால் அடுத்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் காயில் அவிழ்ப்பதோடு நிறுத்தவில்லை. எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போனதும், அவிழ்த்த கம்பியைத் தன் மெஷினில் ஏற்றி ஓட்டினாள். முதலில் நொண்டியது. கம்பி அறுந்தது. இறால் உரித்ததை நினைத்துக்கொண்டு ஓட்டினாள். அது உதவவில்லை, இது வேறு வேலை. பிறகு எதையும் நினைக்காமல் ஓட்டினாள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மெல்ல மெல்ல அவளுக்கு இரண்டு கைகள் உண்டாயின. மேசைக்கு ஒன்று, காலிக் கூடத்துக்கு ஒன்று. சங்கு ஊதினால் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொள்வாள்.

இதற்கிடையில் அவள் கதை வளர்ந்துகொண்டிருந்தது. புதிதாக யார் மேசைக்கு வந்தாலும் எல்லம்மா கத்தரிக் குவியலைக் காட்டுவாள். பிறகு கோவிந்தம்மாவைக் காட்டுவாள். "தோ, இவ இன்னா பண்ணா தெரியுமா? மெட்ராஸ்லேந்து ஆளு வந்து நின்னான். ரூமே தரேன்னான். போய்யா உன் ரூமுன்னு சொல்லிட்டா." கோவிந்தம்மா அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. இப்போது மறுத்தால் அதையும் அடக்கம் என்றார்கள். புதுப் பெண்கள் இவளைப் பார்த்து மெதுவாகச் சுற்றக் கற்றார்கள்.

எழுபத்தேழில் கோபால் எண்ணூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டான். ஒரு மதியம் ஆதிநாராயணன் கூடத்துக்கு வந்தார். இந்தத் தடவை ஸ்டாப்வாட்ச் இல்லை, சோதனை இல்லை. மோசஸ் அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். நேராக மேசைக்கு வந்து நின்றார்.

"டெஸ்டிங்குக்கு ஒரு ஆள் வேணும். கோவிந்தம்மா, உனக்கு மீட்டர் பாக்கத் தெரியும்னு மோசஸ் சொல்றான். வரியாம்மா?"

ஒரே சொல் போதும். யார் கணக்கும் ஏறாது, யார் வேலையும் போகாது. வாயைத் திறந்தாள்.

அதற்குள் மேசை சிரித்துவிட்டது.

"அவளப் போய்க் கேக்கறீங்களே சார்!"

"மொதல்லயே வேணாம்னவ சார் அவ."

"நம்ம காயிலுக்கு அவ கோடு போடுவாளா? கை வருமா அவளுக்கு?"

"இல்ல, நான்..." என்று ஆரம்பித்தாள் கோவிந்தம்மா.

"அட, வெக்கப்படுறா பாரு!" எல்லம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை போட்டாள். "சார், இவ என் தம்பி பொண்டாட்டி. எனக்குத் தெரியாதா? அந்த நாற்காலிய தங்கத்துல செஞ்சி போட்டாலும் இவ குந்த மாட்டா."

ஆதிநாராயணன் அவசரப்படவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லம்மாவின் கை தோளில் இருந்தது. கனமாக இல்லை, வாஞ்சையாக இருந்தது. புதிதாக வந்த பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு, கேட்ட கதை கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தார்கள். மாமி மட்டும் தலையைக் குனிந்து மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வருகிறேன் என்றால் ஸ்டாப்வாட்ச் வந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். சொல்லாமல் போனாலும், அன்றும் ஆசைப்பட்டு ஓட்டத்தான் பார்த்தாள் என்று அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். இவ்வளவு நாள் பூ வைத்த தலை, நடுத்துண்டு விழுந்த தட்டு, திருமலையின் அந்தப் பார்வை.

"எனக்கு இங்கியே சரி சார்" என்றாள்.

மேசை கை தட்டியது. ஆதிநாராயணன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே ஒருத்தி உடனே எழுந்து நின்றாள். அவளுக்கு மீட்டர் என்றால் என்னவென்று தெரியாது. இனிமேல் தெரிந்துகொள்வாள்.

மாலையில் வேலை விட்டுத் திரும்பும்போது எல்லம்மா திரும்பிப் பார்த்தாள். "இன்னாடி, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"தலைவலிக்கா."

"குடு இப்பிடி" என்று அவள் கையிலிருந்த தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டாள். இரண்டு தூக்கையும் தானே சுமந்துகொண்டு முன்னால் நடந்தாள். வழியில் தெரிந்த முகம் எதிர்ப்பட்டபோதெல்லாம் நின்று, இன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு தடவையும் கோவிந்தம்மா பக்கத்தில் சிரித்த முகமாக நிற்க வேண்டியிருந்தது.